சிமிழைத் தொடாத விருந்தாளிகள்

'டிக்.'

இசொகாய் மாமா தேநீர்க் கிண்ணத்தைத் தூக்கியபோது கேட்ட சத்தம் அது. சிகுசா நிமிர்ந்து பார்த்தாள். மாமாவின் விரலில் தடித்த மோதிரம்!

ஜப்பானியத் தேநீர் விருந்துக்கு வருபவர்கள், பாத்திரங்களில் இடித்துவிடக் கூடாது என்று மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் அறைக்குள் வருவார்கள். தொமிகோ சித்திகூட மூன்று மோதிரங்களைக் கழற்றியிருந்தாள்.

மூன்றே விருந்தாளிகள். முதல் இடம் மருந்துக்கடை இசொகாய் மாமாவுக்கு. அடுத்து சித்தி. கடைசி இடம் பத்து வயது சிகுசாவுக்கு.

விருந்து கொடுத்த அம்மாவின் முன்னால் ஒரு தேயிலைத்தூள் சிமிழ் இருந்தது. சின்ன ஆரஞ்சுப் பழம் அளவுதான். பழுப்பு மண்ணில் செய்தது. முந்நூறு வருடப் பழசு. பக்கவாட்டில் மயிரிழை போல ஒரு விரிசல்.

"இன்னொரு தட்டு பட்டா அவ்வளவுதான்" என்று அம்மா காலையில் சொல்லியிருந்தாள்.

விருந்து முடியும்போது முதல் விருந்தாளி சிமிழைக் கையில் எடுத்துப் பார்க்கக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் விருந்து கொடுத்தவர் மனம் நோகும்.

மாமா சட்டைக்கை மறைவில் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். விரல் சிவந்து வீங்கியது. மோதிரம் அசையவில்லை.

'மறந்துபோய்ப் போட்டுட்டு வரலை. பாவம், கழட்ட முடியலை!' சிகுசாவுக்குப் புரிந்தது.

"என்ன மாமா, தேநீர்ல மிளகாயா போட்டிருக்கு? இப்படி வேர்க்குது?" என்று சித்தி கிசுகிசுத்தாள்.

மாமா தொண்டையைக் கனைத்தார். "அந்தச் சிமிழை... கொஞ்சம் பார்க்கலாமாம்மா?"

அம்மா சிமிழை அவர்கள் பக்கம் வைத்தாள். வழக்கப்படி மற்ற பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவு மூடியது.

மாமாவின் கை சிமிழை நோக்கி நீண்டது.

"மாமா!" என்றாள் சிகுசா.

"கடைசி விருந்தாளி குறுக்கே பேசக் கூடாது. வாயை மூடுடி!" என்றாள் சித்தி.

"எனக்குப் பயமா இருக்கு மாமா. தூக்கினா போட்டுருவேன். மூணு பேரும் தொடாமலே குனிஞ்சு பார்க்கலாமா?"

மாமாவின் கை அப்படியே நின்றது. பெரிதாக மூச்சு விட்டார். "எனக்கும் அதே பயம்தான்!"

மூவரும் பாயில் கை ஊன்றி, தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள்.

"மெருகு மழைத்தண்ணி மாதிரி வழிஞ்சிருக்கு!" என்றார் மாமா.

"என் தலையில இடிக்காதீங்க" என்றாள் சித்தி.

இனி சிமிழை அம்மா உட்காரும் இடத்துக்கு முன்னால் திருப்பி வைக்க வேண்டும். அது முதல் விருந்தாளியின் வேலை. மாமா சிகுசாவைப் பார்த்தார்.

சிகுசா இரண்டு கைகளாலும் சிமிழை எடுத்தாள். பாயை ஒட்டியே மெல்ல நகர்ந்து வைத்தாள்.

"போட்டுருவேன்னு சொன்னியே?" என்றாள் சித்தி.

"இப்ப பயம் போயிடுச்சு சித்தி."

சித்தி வாயைத் திறந்தாள். அப்போதுதான் மாமாவின் சிவந்த விரலைக் கவனித்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

கதவு திறந்தது. "சிமிழ் எப்படி இருந்தது?" என்று அம்மா கேட்டாள்.

மாமா சிகுசாவைப் பார்த்துச் சிரித்தார். "எந்தச் சிமிழையும் இவ்வளவு நல்லா நான் பார்த்ததே இல்லைம்மா!"