அவள் எழுதாத வரி

விமர்சனம் வந்த அன்று காலை அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். கணவர் பேப்பரோடு வந்து வாசலில் நின்றார்.

"வரிக்காரம்மா, உன்னைப் புகழ்ந்து தள்ளியிருக்கான் பாரு."

வேற்றுமொழிப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவது அவள் தொழில். பன்னிரண்டு வருடமாக வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அதைத்தான் செய்கிறாள். கணவர் விளையாட்டாக வைத்த பெயர் வரிக்காரம்மா. அதைக் காதில் வாங்கிய எதிர்வீட்டு அம்மாள், அவளுக்கு வருமான வரி ஆபீசில் வேலை என்று நம்பிக்கொண்டு, அவளைப் பார்த்தாலே கழுத்துச் சங்கிலியை உள்ளே தள்ளிக்கொள்வார். மற்றபடி அவள் என்ன செய்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. சப்டைட்டில் நன்றாக இருந்தால் யார் கண்ணிலும் படாது. தப்பாக இருந்தால் மட்டும் திட்டு விழும்.

வாயில் நுரையோடு படித்தாள். அவள் கடைசியாக எழுதிக் கொடுத்த ஜப்பானியத் திகில் படம் அது.

'படத்தின் உச்சம், நான்கு நிமிடம் நீளும் அந்த வெற்றுத் தாழ்வாரக் காட்சி. ஆளில்லை, ஓசையில்லை, கோடியில் பாதி திறந்த ஒரு கதவு. அப்போது திரையின் அடியில் ஒரே ஒரு வரி தோன்றுகிறது: நீ வாங்கித் தந்த செருப்பு இன்னும் கடிக்கிறது. என்ன ஒரு படிமம். தமிழில் எழுதியவருக்கு ஒரு கும்பிடு.'

"நான் இப்படி ஒரு வரி எழுதவேயில்லையே," என்றாள்.

"எழுதிட்டு மறந்திருப்ப."

மறக்கிற ஆளில்லை அவள். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு வரிகள். எழுநூற்றுப் பதினொன்றுக்கும் எழுநூற்றுப் பன்னிரண்டுக்கும் நடுவே நான்கு நிமிட இடைவெளி. அங்கே ஒரு புள்ளிகூட இல்லை.

மதியத்துக்குள் இன்னொரு பத்திரிகையின் விமர்சனம் வந்தது. எழுதியவர் ஒரு பெண். அதே காட்சி, அதே புகழ்ச்சி. ஆனால் வரி வேறு. 'மருந்துச் சீட்டை ஏன் ஒளித்து வைத்தாய்?' மூன்றாவது ஆள் படத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, சப்டைட்டில் எழுதியவர் தன் சொந்தக் கற்பனையை அள்ளிக் கொட்டிவிட்டார் என்று காறித் துப்பியிருந்தார். அவர் பார்த்த வரி என்ன என்று மட்டும் எழுதவில்லை.

சாயங்காலம் விநியோகஸ்தர் போன் செய்தார்.

"மேடம், படத்துல யாருமே பேசாத இடத்துல உங்களை யார் பேசச் சொன்னா?"

"நான் எதுவும் எழுதல சார். ஃபைலைத் திறந்து பாருங்க."

"பார்த்தேன். ஒண்ணுமில்லை. ஆனா தியேட்டர்ல வருது. ஊர்ல இருக்கிறவன் எல்லாம் கண் டாக்டர்கிட்ட போகணுமா?"

"நீங்க எந்த வரியைப் பார்த்தீங்க? அதைச் சொல்லுங்க."



"அதை விடுங்க," என்று வைத்துவிட்டார்.

எங்கே பார்த்தாலும் இதே கதை. படம் பார்த்தவர்கள் இணையத்தில் எழுதியதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். இருபத்து மூன்று பேர், இருபத்து மூன்று வரிகள். பத்திரிகைக் காட்சியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த இரண்டு விமர்சகர்கள், நீ பொய் சொல்கிறாய், நீதான் பொய் சொல்கிறாய் என்று பொதுவெளியில் மல்லுக்கட்டினார்கள். எழுதிய ஒருத்தி இங்கே குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. எரிச்சல் தலைக்கேறியது.

செருப்பு வரியை எழுதிய விமர்சகரின் எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தாள்.

"சார், அந்த வரி நான் எழுதினதில்ல. திருத்தம் போடுங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க அப்பாவுக்கு நான் வாங்கிக் குடுத்த செருப்பும்மா. பஸ் மோதிச் செத்தப்ப அதான் கால்ல கிடந்துச்சு. கடிக்குதுடான்னு அன்னிக்குக் காலையிலதான் சொன்னார். அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எதுவும் தெரியாது சார்."

"படிமம்னு எழுதிட்டேன். வேற என்னத்த எழுதறது?"

போனை வைத்தபோது பயத்தை முந்திக்கொண்டு வந்தது ஆசை.

அவள் அம்மா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. கடைசிப் பதினோரு நாள் தொண்டைக்குள் குழாய். கண் திறந்திருந்தது, உதடு அசைந்தது, எதையோ திரும்பத் திரும்பச் சொல்லப் பார்த்தாள். ஜப்பானியர்களின் வாயசைவைப் பார்த்தே வசனம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லிவிடுகிறவள், பெற்றவளின் வாயசைவில் ஒரு சொல்லைக்கூடப் பிடிக்கமுடியாமல் கட்டிலோரம் நின்றாள்.

செத்தவர்கள் அந்தத் தாழ்வாரத்தில் பேசுகிறார்கள் என்றால், தனக்கும் ஒரு வரி இருக்கும்.

தியேட்டருக்குப் போனாள். பழைய தியேட்டர். தரை விரிப்பில் ஈர வாடை. ஏசி மூச்சுத் திணறுவதுபோல இழுத்து இழுத்து ஓடியது. தாழ்வாரக் காட்சி வந்ததும் பாப்கார்ன் மெல்லும் ஓசை அடங்கியது. நூறு பேரின் கண்கள் திரையின் அடிப்பக்கத்துக்கு இறங்கின. ஒருத்தி விம்மினாள். ஒருவர் எழுந்து வெளியே போனார்.

அவளுக்குத் தெரிந்தது வெறும் பலகைத் தரை.

மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும். முன்வரிசையில் உட்கார்ந்தாள், ஓரத்தில் உட்கார்ந்தாள், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். ஐந்து காட்சி. ஐந்து தடவையும் அதே பலகை, அதே கதவு.

"ஊருக்கெல்லாம் வருது," என்று வீட்டில் புலம்பினாள். "ராத்திரி பகலா உட்கார்ந்து எழுதின எனக்கு மட்டும் வராதா? அப்படி என்னங்க பாவம் பண்ணிட்டேன்?"

கணவர் ஒரு பல் மருத்துவமனைக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பவர். அளந்துதான் பேசுவார்.

"நாளைக்கு நான் லீவு போடறேன். மதியக் காட்சிக்குச் சேர்ந்து போவோம்," என்றார்.

புதன்கிழமை மதியம். அரங்கில் முப்பது பேர்கூட இல்லை. அவளுக்கு இடப்பக்கம் அவர்.

தாழ்வாரம் வந்தது.

ஏசி நின்றதுபோல் இருந்தது. நிற்கவில்லை, அதன் ஓசை மட்டும் போய்விட்டது. ஈர வாடை கூடியது. அவள் இமைக்காமல் திரையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றுமில்லை.

பக்கத்தில் அவர் மூச்சு நின்றது தெரிந்தது.

"என்னங்க வந்துச்சு?"

திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்லக் குனிந்து அவள் மடியைப் பார்த்தார். சட்டென்று அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து நசுக்கினார்.

முன்வரிசையில் ஒரு முதியவர் திரையைப் பார்த்து முனகினார்.

"பாதில நிறுத்தாதே. முழுசாச் சொல்லு."

இன்னொரு மூலையிலிருந்து ஒரு பெண்.

"முழுசாச் சொல்லு."

கணவர் அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். வண்டி நிறுத்தும் இடத்தில் வெயில் கொளுத்தியது.

"அத்தைதான்," என்றார். "என்னை மாப்ளேன்னு கூப்பிட்டு எழுதியிருந்துச்சு. பாப்பாவை எழுத விடாதீங்க மாப்ளே, அது அவ கை இல்ல. அவ்வளவுதான் இருந்துச்சு."

அவளைப் பாப்பா என்று கூப்பிட்டது உலகத்தில் ஒரே ஒருத்திதான்.

"அப்புறம் குனிஞ்சு பார்த்தேன். உன் பத்து விரலும் முட்டி மேல ஓடிட்டிருந்துச்சு. டைப் அடிக்கிற மாதிரி. நீ திரையைப் பார்த்துட்டிருக்க, அது பாட்டுக்கு அடிக்குது. நீ போகாத காட்சிக்கும் வீட்ல இருந்தே அடிச்சிருக்கும், நாமதான் கவனிக்கல. நான் பிடிச்சதும் எல்லாருக்கும் வரி பாதில நின்னுபோச்சு."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். அவர் பிடித்த இடம் சிவந்திருந்தது. பயப்படவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வந்தது கோபம்தான்.

"எனக்குன்னு எதுவும் சொல்லலையா?"

"உன்னைப் பத்தித்தானே சொன்னாங்க."

"என்னைப் பத்தி. என்கிட்ட இல்ல."

வண்டியில் வீடு வந்து சேரும்வரை அழுதாள்.

அன்றே விநியோகஸ்தரைக் கூப்பிட்டு, இனி எந்தப் படமும் செய்வதில்லை என்று சொல்லிவிட்டாள். அவரும் வற்புறுத்தவில்லை. கணவர் கம்ப்யூட்டரின் இணைப்புகளைப் பிடுங்கி, கீபோர்டைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை படத்தைத் தூக்கிவிட்டார்கள். விமர்சகர்கள் வேறு படத்துக்குப் போனார்கள். வீட்டில் சும்மா இருந்தால் கை பரபரக்கும் என்று கணவரின் பட்டறைக்கே அவளும் போய் வரத் தொடங்கினாள். பல் அச்சுக்கு மாவு குழைப்பது அவள் வேலை. விரலுக்கு ஓய்வே கிடையாது. அதுதான் நல்லது என்றார் அவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மணிக்கட்டுவரை வெள்ளை மாவோடு அவள் நின்றபோது போன் அடித்தது. விநியோகஸ்தர். கணவர் முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"ரொம்ப நன்றி மேடம். மாட்டேன்னு சொன்னீங்களேன்னு வேற ஆளைத் தேடிட்டிருந்தேன். அடுத்த படத்துக்கு ஃபைல் வந்துடுச்சு."

"நான் அனுப்பலையே சார்."

"உங்ககிட்டேருந்துதான் வந்திருக்கு. எனக்கு ஒண்ணுதான் புரியல. படத்தையே நான் இன்னும் உங்களுக்கு அனுப்பல. எப்படி முடிச்சீங்க?"

"எப்ப வந்துச்சு?"

"இப்பதான். அஞ்சு நிமிஷம் இருக்கும்."

அவள் கைகளைப் பார்த்தாள். பாத்திரத்துக்குள் அசையாமல் இருந்தன. மேலே மாவு இறுகத் தொடங்கியிருந்தது. காலை ஒன்பது மணியிலிருந்து அந்த மேசையை விட்டு அவள் நகரவேயில்லை.

"படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு வரி வச்சிருக்கீங்க," என்றார் அவர். "பாப்பான்னு தொடங்குது. யாரு மேடம் பாப்பா?"

கணவர் வேண்டாம் என்று தலையாட்டினார். போனை அணைக்கக் கை நீட்டினார். அவள் குறுக்கே வந்து நின்றுகொண்டாள். அம்மா போன இத்தனை மாதமும் அந்தக் கடைசிப் பதினோரு நாளும் அவள் நெஞ்சில் அடைத்துக்கொண்டு நின்றன.

"படிங்க சார்."

படிக்கத் தொடங்கியது ஒரு குரல். முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது, அது விநியோகஸ்தரின் குரல் இல்லை.

அவள் அம்மாவின் குரலும் இல்லை.