சிவப்புப் பக்கம்

அந்த வெள்ளைக் காரின் ஏசிக் குமிழ் சிவப்புப் பக்கம் திரும்பி நின்றது. அந்தமான் புழுக்கத்தில் ஹீட்டர் எவனுக்கு வேண்டும்? அபர்டீன் பஜார் சரிவில் தகர ஷெட் போட்டுப் பதினெட்டு வருஷமாக ஏசி வேலை பார்க்கிறான் குணா. ஒரு வண்டியும் இப்படி வந்ததில்லை. நீலத்துக்குத் திருப்பி வைத்தான்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு வேலை செய்யலண்ணே. நாலுல மட்டும் ஊதுது. அவ்ளோதான்,” என்றாள் வண்டியைக் கொண்டுவந்தவள். பெயர் ருக்கு, ஊர் திக்லிபூராம். ஷட்டரை ஒட்டிக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். “இந்த வண்டிய முன்னாடி பாத்திருக்கீங்களா?”

“இல்லம்மா.” அவனுக்குத் தெரிந்தவரை அது உண்மைதான். “ரெசிஸ்டர் போயிருக்கும். காத்து வேகத்தக் குறைக்கிற சாமான். அரை மணி நேர வேலை.”

மத்தியானம் மூன்று மணிக்கே வானம் இருட்டி, மழை தகரத்தில் கொட்டி, சாக்கடை நாற்றமும் கருவாட்டு வாடையும் சாரலோடு உள்ளே வந்து, பஜாரின் ஹாரன் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்கிற மாதிரி அமுங்கிவிட்டது. குணா இடப்பக்கம் ஏறி, சாரலுக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு, டேஷ்போர்டு டப்பாவைக் கழற்றினான். ரெசிஸ்டரை மீட்டரில் வைத்துப் பார்த்தால் அது நன்றாகவே இருந்தது. இருந்தாலும் புதிதாக ஒன்றை மாட்டினான். நாலில் மட்டும்தான் ஊதியது.

ஃபியூஸைப் பிடுங்கினான். ஊதியது. சாவியை அணைத்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். அப்போதும் ஊதியது. கடைசியில் மோட்டார் பிளக்கையே உருவிவிட்டான். உருவிய வயர் கையில் தொங்க, மணிக்கட்டில் வெதுவெதுப்பாகக் காற்று பட்டது. குமிழைப் பார்த்தான். மறுபடி சிவப்பில் இருந்தது.

காற்றில் மல்லிகை சென்ட் வாசம். அதற்கடியில் புகை.

டார்ச்சை அடித்தான். ப்ளோயருக்குப் பின்னால் ஒரு சென்ட் பாக்கெட், பச்சை வயரால் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. அது அவன் முடிச்சு.

அப்போது வண்டி நீல நிறம். இரண்டு வருஷத்துக்கு முன் ஐயாவு என்ற டிரைவர் கொண்டுவந்தான், உள்ளே புகை நாறுகிறது என்று. அடியில் சைலன்ஸர் குழாய் ஓட்டை. மாற்றுக் குழாய் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரப் பத்து நாளாகும். அதுவரை ஓட்டாதே என்று சொல்லக் குணாவுக்கு வாய் வராதா? வரவில்லை. சென்ட் பாக்கெட்டைக் கட்டிவிட்டுச் சிரித்தான் பாவி. “கண்ணாடிய ஏத்திட்டு உக்காருங்கண்ணே. ஒண்ணும் ஆகாது.”

மூன்றாம் நாள் விடியற்காலை, காட்டு ரோட்டில் வண்டிகளைக் கூட்டமாக அனுப்பும் கான்வாய் வரிசையில் காத்திருந்தபோது, ஏசி போட்டுத் தூங்கிய ஐயாவு எழுந்திருக்கவில்லை. புகை விஷம் ஏறிச் செத்த முகம் செக்கச் செவேலென்று இருந்ததாம். போலீஸ் வந்து கேட்டபோது, அந்த வண்டி என் ஷெட்டுக்கு வந்ததே இல்லை என்று குணா கூசாமல் சொன்னான். தூங்கினவன்மேலேயே பழி விழுந்தது.

பாக்கெட்டைப் பிய்த்துப் பையில் திணித்தான். நிமிர்ந்தபோது, பாதி இறங்கியிருந்த கண்ணாடிக்கு வெளியே ருக்கு நின்றிருந்தாள்.

“அவரு என் வீட்டுக்காரரு. நீங்க சொன்னத அன்னிக்கே ஃபோன்ல என்கிட்டச் சொன்னாரு.” குரலில் கோபமே இல்லை, அதுதான் அவனைப் பயமுறுத்தியது. “ஒரே ஒரு தடவ கேக்கிறேன். இந்த வண்டி உங்ககிட்ட வந்துச்சா, இல்லியா?”

வந்தது, தப்பு என்னுடையதுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. பிறகு ஷெட் ஞாபகம் வந்தது, ஜெயில் ஞாபகம் வந்தது.

“இல்லம்மா.”

“டீக் ஹை, சரி,” என்றாள். நடந்துபோய் வெளியிலிருந்து ஷட்டரை இழுத்துவிட்டாள்.

நாலு கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. கண்ணாடி தானாக ஏறியது. சாவி அவன் பையில் இருக்க, எஞ்சின் உறுமியது.

கதவை உலுக்கினான். ஸ்பேனரால் கண்ணாடியில் அடித்தான். கீறல்கூட விழவில்லை. கத்தினான். மழை.

ஷட்டருக்கு அப்பாலிருந்து அவள் குரல். “கண்ணாடிய ஏத்திட்டு உக்காருங்கண்ணே. ஒண்ணும் ஆகாது.”

டிரைவர் சீட் மெல்லப் பின்னால் சாய்ந்தது, ஆள் படுக்கிற அளவுக்கு.

டிக். நாலிலிருந்து மூன்று. காற்று தணிந்தது. டிக். இரண்டு. செத்துக் கிடந்த வேகமெல்லாம் வேலை செய்தது. தூங்கப்போகிறவன் மூச்சு மாதிரி. மல்லிகை. தலை கனத்தது. டார்ச் மடியில் நழுவியது.

டிக். ஒன்று.

அவனுடைய இரண்டு கைகளும் கதவில்தான் இருந்தன. குமிழின்மேல் இன்னொரு கை இருந்தது, நகம்வரை செக்கச் செவேலென்று.