இரண்டாவது சரணத்துக்கு முன்னால்

இரண்டாவது சரணம் தொடங்குவதற்கு முன்னால், கித்தார் ஓய்ந்து தபேலா இன்னும் எழாத அந்த இரண்டு நொடி இடைவெளியில், யாரோ சிரித்தார்கள்.

சுந்தரராஜுலு ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். எடிட்டிங் அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை. எதிரொலியைத் தடுக்கச் சுவரெங்கும் ஒட்டியிருந்த கறுப்பு ஸ்பாஞ்சிலிருந்து வழக்கமான புழுங்கிய வாடை வந்தது. ஏசி ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறைகள் மதியச் சாப்பாட்டுக்காக நின்றிருந்ததால், விடுமுறை நாளின் காலியான அமைதி கல்லூரி முழுக்கப் பரவிக் கிடந்தது. மணி ஒன்று.

விஸ்காம் துறையில் பதினாறு வருடமாக ஆசிரியர் அவர். இறுதியாண்டு மாணவர்களின் மியூசிக் வீடியோ ப்ராஜெக்டுக்குத் திங்கட்கிழமைக்குள் மதிப்பெண் ஏற்றியாக வேண்டும். பதினொரு குழுக்களில் பத்து முடிந்திருந்தது. கடைசிக் குழு மிதுன், புவனா, சாஜித். வீடியோ ஒரு பென்டிரைவில் இருந்தது. விளம்பரத்துக்காக அவர்கள் செய்திருந்த போஸ்டர், ஆல்பம் அட்டை, பதினைந்து நொடி டீசர், இன்ஸ்டாகிராம் பக்கம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் உண்டு. சிரத்தையான பிள்ளைகள். அவிநாசித் தேர் வீதியில் விடிகாலையில் எடுத்திருந்த காட்சிகளைப் பார்த்தபோது அவருக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

'பின்னணியில் சிரிப்புச் சத்தம், கவனக்குறைவு' என்று குறிப்புத்தாளில் எழுதினார். ஒரு மதிப்பெண் குறைத்தார். சரிபார்ப்பதற்காக வீடியோவைப் பின்னால் இழுத்து மறுபடி ஓடவிட்டார்.

அந்த இடைவெளியில் இப்போது சிரிப்பு இல்லை. வெறும் மௌனம்தான் இருந்தது.

சரி, வெளியிலிருந்து ஏதோ கேட்டிருக்கும் என்று குறிப்பை அடித்தார். பாட்டை முதலிலிருந்து ஓட்டினார். பல்லவியின் இரண்டாம் வரியில், புவனாவின் குரல் மேலே ஏறும் இடத்தில், இடது காதுக்கு மட்டும் சிரிப்பு வந்தது. முன்னைவிடக் கிட்டத்தில். நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டையில் உருண்டு, நீண்டு, முடியும்போது கிணற்று மோட்டார் காற்று வாங்குவதுபோல மூன்று முறை இழுத்து நின்றது.

மவுஸின் மேல் இருந்த அவர் கை அசையவில்லை.

அந்த மூன்று இழுப்பை அவருக்குத் தெரியும். கல்யாண வீடுகளில் அதைக் கேட்டே, "ராஜுலு வந்துட்டாப்ல" என்பார்கள். அது அவருடைய சிரிப்பு.

முதலில் கோபம் வந்தது. போன வருட வைவாவில், அந்த வாய்மொழித் தேர்வில், அவர் சிரித்ததை எவனோ செல்போனில் பிடித்து வைத்திருக்கிறான், இந்த மூன்று பேரும் அதை எடுத்துப் பாட்டுக்குள் செருகி அவருக்கே அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தார். ஆனால் அந்தக் கோபம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. அதற்கு அடியில் இருந்தது மேலே வந்தது. காதுமடல் சுட்டது.

போன வருடம் இதே ஏப்ரலில் பிரவீனா என்ற பெண் தனியாக ப்ராஜெக்ட் செய்திருந்தாள். வால்பாறை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருந்துகொண்டு கொழுந்து பறிக்கும் குடும்பம். பாட ஆள் கிடைக்காமல் அவளே எழுதி அவளே பாடியிருந்தாள். ஆல்பம் அட்டையில் தேயிலைச் சரிவில் நின்று அவளே வாய்விட்டுப் பாடும் படம். வைவாவில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது சரணத்தை ஒலிப்பதிவில் சரியாகக் கொண்டுவர முடியவில்லை, நேரில் பாடிக் காட்டட்டுமா என்று கேட்டாள். மைக்கைப் பிடித்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தாள்.

"ஏம்மா, உங்க லைன் ஊட்டுல பாத்ரூம் கெடையாதா? அங்க பாட வேண்டியத இங்க கொண்டாந்துட்டியே" என்றார் அவர்.

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் நிறுத்திய பிறகும் அவர் சிரித்தார். அந்தப் பெண் திறந்த வாயோடு கொஞ்ச நேரம் நின்றிருந்தாள். பிறகு மெதுவாக மூடினாள். "திருத்திக்கறேனுங்க சார்" என்றுகூட அவள் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அவருக்கு இந்த ஒரு வருடம் கொஞ்சம் சுலபமாகக் கழிந்திருக்கும். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. மே மாதத்தில் ஒருநாள் அவளுடைய அப்பாவின் எண்ணிலிருந்து போன் வந்தது. மணி அடித்து ஓயும்வரை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எடுக்கவில்லை.

கதவு தட்டும் சத்தம்.

லேப் உதவியாளர் பக்ருன்னிசா எட்டிப் பார்த்தாள். தோளில் பை மாட்டியிருந்தாள். "சார், நான் கெளம்பறேனுங்க. சாவிய வாட்ச்மேன்கிட்டக் குடுத்துருங்க."

"சரிம்மா."

போகாமல் நின்றாள். முகத்தில் ஒரு சங்கடமான புன்னகை. "அப்படி என்னங்க சார் காமெடி? மாடிப்படி வரைக்கும் கேக்குதுங்க."

"என்ன கேக்குது?"

"நீங்க சிரிக்கறதுதானுங்க. அரை மணி நேரமா."

அவர் பதில் சொல்வதற்குள் கதவு சாத்திக்கொண்டது. அவளுடைய செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து, படியில் இறங்கி, இல்லாமல் போனது. சுந்தரராஜுலு தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். வறண்டிருந்தது. வெகுநேரம் சத்தம்போட்டுப் பேசியதுபோல உள்ளே எரிந்தது.

வீடியோவை மூடி, ஹெட்ஃபோனைப் பிளக்கிலிருந்து கழற்றி வைத்தார். சத்தமே இல்லாத வேலையைப் பார்க்கலாம் என்று நினைத்து, மேசையில் சுருட்டி வைத்திருந்த போஸ்டரை விரித்து நான்கு மூலையிலும் பேப்பர்வெயிட், ஸ்டேப்ளர், தண்ணீர் பாட்டில், தன் செல்போன் என்று வைத்தார். மூன்று மாணவர்களும் மொட்டை மாடியில் நிற்கும் படம். பின்னால் மேற்கு மலை, மழை மேகம். காலையில் ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்திருந்தார். அப்போது மூவரும் நேராகப் பார்த்துத் தெம்பாக நின்றதாக நினைவு. 'கண்ணில் நம்பிக்கை, நல்ல ஃப்ரேமிங்' என்று அவரே எழுதிவைத்த குறிப்பு பக்கத்தில் கிடந்தது.

இப்போது மூவரும் தலையைக் குனிந்திருந்தார்கள். சாஜித் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மிதுன் உதட்டைக் கடித்திருந்தான். நடுவில் நின்ற புவனாவின் கழுத்து, எதிரே நிற்கும் யாரோ ஏதோ சொல்லிவிட்டதுபோல ஒடுங்கிப் போயிருந்தது. எதிரே நின்றவர் அவர்தான்.

போஸ்டரைத் திருப்பிப் போட்டார். அதன் மேலிருந்து எடுத்த செல்போன் கையிலேயே அதிர்ந்தது. புவனா.

"சார், நான் புவனா பேசறேனுங்க." குரல் அடைத்திருந்தது. "ஏனுங்க சார் அப்படிப் போட்டீங்க?"

"என்னம்மா போட்டேன்?"

"எங்க பேஜ்லதானுங்க சார். பாட்டுக்குக் கீழ."

கம்ப்யூட்டரில் அவர்களுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்தார். நூற்றுச் சொச்சம் வாழ்த்துகள். எல்லாவற்றுக்கும் மேலே, நான்கு நிமிடத்துக்கு முன்னால், அவருடைய பெயர், அவருடைய படம். அதன் கீழே: பாத்ரூமில் பாட வேண்டியதை இங்கே கொண்டுவந்துவிட்டாயே.

"நான் போடலம்மா" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "சத்தியமா நான் போடல, கண்ணு."

"உங்க ஐடிதானுங்க சார் இருக்குது." மூக்கை உறிஞ்சும் சத்தம். "அப்பா, அம்மா, சொந்தக்காரங்க எல்லாத்துக்கும் லிங்க் அனுப்பிப்போட்டேனுங்க. எல்லாரும் பாத்துட்டாங்க. பரவால்லீங்க சார். என் கொரல் நல்லால்லைன்னா நாங்க வேற ஆள வெச்சு..."

"புவனா, நீ நல்லாத்தான் பாடியிருக்கே. ஒண்ணு மட்டும் சொல்லும்மா. பாட்டுக்குள்ள ஒரு சிரிப்பு இருக்குதே, அது..."

"சிரிப்பா? அதுல சிரிப்பே இல்லீங்க சார்." சற்று நின்றாள். பிறகு மிகவும் சிறிய குரலில் கேட்டாள்: "இப்ப ஏனுங்க சார் சிரிக்கறீங்க?"

போன் துண்டிக்கப்பட்டது.

அவர் சிரிக்கவில்லை. உதட்டைத் தொட்டுப் பார்த்தார். மூடித்தான் இருந்தது. அந்தக் கமென்ட்டை அழிக்கப் பார்த்தார். அழிந்தது. பக்கத்தைப் புதுப்பித்தபோது மறுபடி இருந்தது. நாலு நிமிடத்துக்கு முன்னால். அழித்தார். நாலு நிமிடத்துக்கு முன்னால். அதன் கீழே சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து அடுக்கிக்கொண்டிருந்தன. நாற்பது வந்ததும் நின்றன.

ஏசி நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஸ்பாஞ்ச் சுவர்கள் எந்தச் சத்தத்தையும் திருப்பித் தரவில்லை. தன் மூச்சே தனக்கு வராமல் சுவருக்குள் போய்விடுவதுபோல இருந்தது. பிளக்கிலிருந்து கழற்றிய ஹெட்ஃபோன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் இரண்டு குழிகளிலிருந்தும் மெல்லிசாக, கொசு ரீங்காரம்போல, அந்தச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

பிரவீனாவிடம் பேச வேண்டும். அதைத் தவிர அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை. எத்தனையோ இரவு குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று அந்த மன்னிப்பை ஒத்திகை பார்த்திருக்கிறார். காலையில் வெட்கம் வந்து அடைத்துவிடும். செல்போனில் அந்த எண் 'பிரவீனா அப்பா' என்று இன்னும் இருந்தது. அழுத்தினார்.

முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"ஆருங்க?"

"நான்... பிரவீனாவோட காலேஜ் வாத்தியாருங்க. சுந்தரராஜுலு."

"சாருங்களா!" அந்தப் பெரியவரின் குரலில் எழுந்த நிம்மதி அவரைக் குத்தியது. "நான் பாலுசாமிங்க சார், அவ அப்பன். கடவுளாப் பாத்து உங்களக் கூப்புட வெச்சிருக்குதுங்க. போன வருசமே ஒருக்கா உங்களுக்குப் போன் போட்டேனுங்க. வேலையா இருந்திருப்பீங்க."

சுந்தரராஜுலு கண்ணை மூடிக்கொண்டார்.

"காலேஜ்ல இருந்து வந்தவ வாயே தொறக்கலீங்க சார். ஒரு வருசம். ஒரு வார்த்த இல்லீங்க. கஞ்சியக்கூட ஸ்பூன்ல பல்ல நெம்பித்தான் ஊத்தணும். பொள்ளாச்சில காட்டுனோம், கோயமுத்தூருக்கும் கூட்டியாந்தோம். ஒடம்புக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டாங்க. இன்னிக்கு ஒரு மணிக்கு, சோத்துக்கு உக்காந்திருந்தோம்ங்க. திடுக்குன்னு வாயத் தொறந்தா. சாமி கண்ணத் தொறந்திருச்சுன்னு நெனச்சேனுங்க."

பின்னால் ஏதோ பாத்திரம் உருண்டது. ஒரு பெண் அழும் குரல்.

"பேசலீங்க சார். சிரிக்கறா. அவ சிரிப்பு இல்லீங்க அது. ஆம்பளச் சிரிப்பு. அப்பப் புடிச்சு நிறுத்தவே இல்லீங்க."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார். உங்க மேல அவளுக்கு அத்தன மருவாதைங்க. எங்க சார் மாதிரி சொல்லிக்குடுக்க ஆளில்லைன்னு சொல்லிட்டே இருப்பா. இருங்க, மூஞ்சி பாத்துப் பேசுங்க."

அழைப்பு வீடியோவாக மாறியது. லைன் வீட்டின் நீலச் சுவர். ஒரு காலண்டர். ஜன்னலில் பனி. கேமரா ஆடி, கீழே இறங்கி, நின்றது.

சுவரோரமாகப் பிரவீனா உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். வாய் திறந்திருந்தது. பாடுவதற்காக மூச்சை இழுத்துத் திறந்த அதே அளவு. உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை. கண்களில் சிரிப்பு இல்லை. இரண்டு கண்ணிலும் நீர் நிற்காமல் வழிந்து, தாடையில் சேர்ந்து, பாவாடையை நனைத்திருந்தது. அந்தத் திறந்த வாயிலிருந்து அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

நீண்டு. உருண்டு. மூன்று முறை இழுத்து. மறுபடி.

"பிரவீனா" என்றார். "அம்மணி. சார் பேசறேன்."

சிரிப்பு நின்றது.

அவள் மெதுவாகத் திரையைப் பார்த்தாள். அவரைக் கண்டுகொண்டாள். அது தெரிந்தது. அவளுடைய நெஞ்சு ஏறி இறங்கியது. வாயை மூட முயன்றாள், தாடை நடுங்கியது, முடியவில்லை. கெஞ்சுவதுபோல அவரைப் பார்த்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன்மா. அன்னிக்கு நான் சிரிச்சது... எல்லார் முன்னாடியும்... என்னை மன்னிச்சிரு, கண்ணு."

சொல்லிவிட்டார். ஒரு வருடம் சுமந்ததைச் சொல்லிவிட்டார். காத்திருந்தார்.

அவள் கண்கள் அகன்றன. உள்ளே எதையோ அடக்கப் பார்ப்பவள்போல இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள்.

வெடித்தது.

முன்பு வந்ததெல்லாம் ஒன்றுமில்லை. போனின் ஸ்பீக்கர் கிழிந்தது. அவர் ஒருவருடைய சிரிப்பு மட்டும் இல்லை. அதற்குப் பின்னால் இன்னும் பலர். ஒரு ஹால் நிறைய.

"ஐயோ சார்!" படம் ஆடியது. பாலுசாமி போனை எங்கோ சாய்த்து வைத்துவிட்டு மகளிடம் ஓடினார். "பெரியவங்க பேசறப்ப சிரிக்காதடி... மன்னிச்சுக்குங்க சார், தப்பா நெனைக்காதீங்க. மருவாதை தெரியாத புள்ள இல்லீங்க இவ. மன்னிச்சுக்குங்க..."

அவரிடம். அந்த மனிதர் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

போனை வைக்க விரல் வரவில்லை. கண்ணைத் திருப்ப முடியவில்லை. சாய்ந்த திரையில் பாலுசாமி மகளின் முன்னால் மண்டியிட்டு, கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த இரண்டு உள்ளங்கைகளாலும் அவளுடைய தாடையைத் தாங்கி, வலிக்கக் கூடாதே என்று மெதுவாக, மிக மெதுவாக, வாயை மூடப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் தன் இரண்டு கைகளையும் அவர் கைகள்மேல் வைத்துச் சேர்ந்து அழுத்தினாள். மூடவில்லை. அந்த நான்கு கைகளின் விரலிடுக்குகளில் அவளுடைய கண்ணீர் வழிந்தது. அதே இடுக்குகளின் வழியே சுந்தரராஜுலு சிரித்துக்கொண்டே இருந்தார்.