திரையில் ஒரு ஈ

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தைத் திருப்பியதும் பழைய கணினியின் திரை துளி வெளுத்தது. பக்கத்தில் எரிந்த மேசை விளக்கு துளி மங்கியது. மெக்கானிக் அதைப் பார்த்தார், பார்த்ததோடு விட்டுவிட்டார். இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தே தூங்கிய மனிதருக்கு வானமே இடிந்து தலையில் விழுந்தாலும், தூசியைத் தட்டிவிட்டு மறுபடி உட்காரத்தான் தெம்பிருக்கும்.

கண் ஆபரேஷன் அவருடைய அக்காவுக்கு. ஒரு கண்ணில் பார்வை போய் வெகுகாலமாகிறது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணில் புரை எடுத்துக் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சாயங்காலம் கட்டைப் பிரிக்க வேண்டும். பிரித்தும் தெரியவில்லை என்றால்? அந்த நினைப்பு பக்கத்தில் வராதிருக்கத்தான் மத்தியானத் தூக்கத்தையும் விட்டு, வீட்டு முன்னறையில் இந்தப் பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தார்.

பெட்டி, பழைய சாமான் வியாபாரி கொண்டுவந்து தள்ளியது. "திரை மட்டும் இருட்டுண்ணே, மத்ததெல்லாம் ஜம்முனு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனவரை அதற்கப்புறம் காணோம். கையில் தூக்கிப் போகும் கணினி என்று பேர்தான். தூக்கினால் தோள்பட்டை வேலையை ராஜினாமா செய்துவிடும். மூடியைத் திறந்தால் ஈரச் செருப்பும் மருந்துப் பஞ்சும் கலந்த ஒரு வாடை.

"டேய் தம்பி!" பக்கத்து அறையிலிருந்து அக்கா. "ஆபரேஷன் பண்ணியும் அந்த ஈ போகலடா!"

அக்காவின் பார்வையில் கறுப்பாய் ஒரு புள்ளி மிதக்கும். கெடுதல் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா அதற்கு ஈ என்று பேர் வைத்து, போகும்போதும் வரும்போதும் கையால் விரட்டிக்கொண்டிருந்தாள்.

"கட்டுப் போட்டிருக்கே, ஈ எப்படிக்கா தெரியும்?"

"கட்டுக்குள்ள செவப்பா ஒரு வெளிச்சம் இருக்குல்ல, அதுல சுத்துது. வாடகையும் தராது, வீட்டையும் காலி பண்ணாது. உன்னை மாதிரியே!"

மெக்கானிக்குக் களைப்பிலும் சிரிப்பு வந்தது. அந்தச் சிவப்பு தெரிகிறவரை கண் உயிரோடிருக்கிறது.

டார்ச்சைச் சாய்த்துத் திரைமேல் அடித்தார். உள்ளே எரிகிற பின்விளக்கு செத்த திரையிலும் அப்படி அடித்தால் படம் நிழலாய்த் தெரியும்; செத்தது விளக்கா திரையா என்று சொல்லிவிடலாம். படம் எதுவும் இல்லை. காலையில்தான் புது பேட்டரி போட்ட டார்ச், அவர் பார்க்கப் பார்க்க மஞ்சளாகி, பழுப்பாகி, கங்காகி அணைந்தது. திரை இன்னும் கொஞ்சம் வெளுத்தது.

கணினி மின்சாரத்தை இழுக்கிறது என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் பேட்டரியிலேயே ஓட்டினார். மேசை விளக்கு இன்னும் மங்கியது. சக்கரம் தேய்ந்து கரகரத்தது. அலுப்பில் எல்லா மெக்கானிக்கும் செய்கிற குறுக்கு வேலையை அவரும் செய்தார்: சக்கரத்தை நறுக்கி எறிந்துவிட்டு, அதன் இரண்டு கம்பிகளையும் நேராகச் சேர்த்துப் பற்றவைத்தார். இனி எப்போதும் முழு வெளிச்சம்தான்; குறைக்க வழி கிடையாது.

ஈயப் புகை கலைந்தது. திரை பளீரென்று வெளுத்தது, நாலு கல்யாண மண்டபத்துக்குப் போதுமான வெளிச்சம். ஆனால் அந்த வெளிச்சம் மேசைமேல் விழவில்லை. அவர் கைமேல்கூட விழவில்லை. மேசை விளக்கு அணைந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில், பழைய துணியைப் போல் நைந்து, சாம்பலாகி, கரியாகிக்கொண்டு வந்தது. தெருவில் ஒரு சைக்கிள் மணி பாதியில் நின்றது.

வெள்ளைத் திரையில் ஒரு கரும்புள்ளி. துணியால் துடைத்தார். போகவில்லை. நகர்ந்தது.

"தம்பி." அக்காவின் குரலில் இப்போது கேலி இல்லை. "செவப்பு போயிடுச்சுடா. ஈயும் போயிடுச்சு."

அவர் பேட்டரியைக் கழற்றினார். கையில் பேட்டரி. திரை எரிந்துகொண்டே இருந்தது.

வெள்ளைக்குள் ஏதோ உருவம் கட்டியது. அக்கா கட்டிலின் கால்மாட்டுக் கம்பி. அப்புறம் பக்கத்து அறையின் கதவுத் திரைச்சீலை. அது விலகியது. வீட்டு நடையின் சுவர். எல்லாவற்றின் மேலும் மிதந்துகொண்டு, அந்த ஈ.

வயர் வெட்டும் குறடைத் தேடி எடுத்துக் கம்பியில் வைத்தார். ஒரு அழுத்து போதும். ஆனால் அக்காவின் பார்வை இப்போது இந்தக் கம்பிக்குள் இருக்கிறது. வெட்டினால்?

விரல் அழுத்த மறுத்தது.

"தம்பி, என் பக்கத்துலேர்ந்து யாரோ எந்திரிச்சுப் போனாங்கடா. நீயா?"

"அக்கா, நீ எங்க இருக்க?"

"கட்டில்லதான் படுத்திருக்கேன்."

திரையில் முன்னறையின் வாசல். உள்ளே இருட்டில் ஒரு மேசை. மேசைமேல் குனிந்த ஒரு முதுகு. கசங்கிய சட்டை. கையில் குறடு.

பின்னால் காலடிச் சத்தம் இல்லை. மருந்துப் பஞ்சு வாடை மட்டும்.

முதுகு பெரிதானது. பிடரி. பிடரியில் வியர்வை. அதன்மேல் மெல்ல ஊர்ந்து போனது ஈ.

திரை ஒருமுறை இமைத்தது.

திறந்தபோது, இன்னும் கிட்டே.