மயில் ஏற மறுத்த பெட்டி

"ஐயோ... போச்சே! கொன்னுட்டான்லே... கொன்னுட்டான்!"

கண்ணாடி ரூமுக்குள்ளிருந்து வந்த அலறலில் அச்சு மெஷினின் தடதடப்பே ஒரு கணம் நின்று கேட்டது போலிருந்தது.

கதிரவன் மவுஸைப் போட்டுவிட்டு ஓடினான்.

சிவகாசியில் பட்டாசுப் பெட்டி லேபிள் என்றால் 'கற்பகவல்லி ஆப்செட்'. கதிரவன் அங்கே டிசைனர். அலறியவர் முதலாளி தனுஷ்கோடி. வெங்காயம் வாங்கினால் தோலுக்குத் தனித் தள்ளுபடி கேட்கிற மனுஷர்!

மேஜை மேல் கிடந்தது உடல்.

கறுப்பு நிறம். உள்ளங்கை அகலம். ஓரத்தில் ஒரு நீல விளக்கு மட்டும் மினுக்... மினுக்...

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்!

"உசுரு இருக்கே அண்ணாச்சி?"

"உசுரை வச்சு நாக்கையா வழிக்க? உள்ள இருக்கறதக் காட்டுது. புதுசா ஒண்ணு போட்டா வாங்க மாட்டேங்குது! குடுக்குமாம்... வாங்காதாம்! இப்படி ஒரு பொழப்பு உண்டாலே?"

வாங்கி மட்டுமே பழகியவருக்கு அது பெரிய அதிர்ச்சிதான்.

அவருடைய செல்போன் கதறியது. பெயரைப் பார்த்தார். சட்டென்று அமுக்கினார்.

அந்தச் சூட்டோடு கதிரவன் பக்கம் திரும்பினார்.

"நீதான்லே!"

"நானா?"

"போன வருசம் ராஜபாண்டியன் கம்பெனிப் பூச்சட்டிக்கு ஒரு அன்னம் போட்டோம். அவரு பெட்டி கடைக்குப் போறதுக்குள்ள, அதே அன்னம் அடுத்தவன் பெட்டியில நீந்துச்சு! வித்தது யாருன்னு நேத்து உன்னைக் கேட்டேனா? அந்தக் கோவத்துல இன்னைக்கு டிஸ்க்கைப் பூட்டிட்ட!"

"அண்ணாச்சி, சத்தியமா நான் தொடல..."

"சாயங்காலத்துக்குள்ள இது சரியாகணும். இல்ல, பையைத் தூக்கிட்டுக் கெளம்பு. எந்தப் பிரஸ்ஸுக்குப் போனாலும் உனக்கு முன்னாடி என் போன் போகும்!"

கதிரவன் ஆணியில் தொங்கிய தன் பையைப் பார்த்தான்.

வேலை போனால் இன்னொரு வேலை. டிசைன் திருடன் என்று பேர் வாங்கினால்..? இந்த ஊரில் ஒரு பயலும் அவனைக் கம்ப்யூட்டர் இருக்கிற திசையில் தலைவைத்துப் படுக்கக்கூட விடமாட்டான்!

அன்னம் பறந்துபோன பிறகு தனுஷ்கோடியே போட்ட சட்டம் மூன்று. டிசைன் கம்ப்யூட்டர்களுக்கு நெட் கூடாது. அச்சுக்குப் பிளேட் போட்டதும் கதிரவன் மெஷினிலிருந்து படத்தை அழித்துவிட வேண்டும். அசல், கண்ணாடி ரூம் கம்ப்யூட்டரில் மட்டும்.

இந்த சீசனுக்கு அங்கே இருப்பது ஒரு மயில். ராஜபாண்டியனின் பேத்தி ஹர்ஷினி, மயில் மேல் ஏறி மத்தாப்புப் பிடிக்கிறாள். பேத்தி முகம் போட்ட பெட்டி என்பதால் கிழவர் அதைக் கோயில் நகை மாதிரி காக்கச் சொல்லியிருந்தார்.

கதிரவன் போன் போட்டதும் வேல்விழி வந்து சேர்ந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவள். வாய்க்கு சர்வீஸே தேவைப்படாதவள்.

"செத்தது யாரு அண்ணாச்சி? தெருமுனை டீக்கடையில மாலைக்குச் சொல்லிட்டாக!"

"வெளையாடாத தாயி. சீக்கிரம் பாரு."

"என்ன அவசரம்? உங்க வீட்டம்மா கற்பகவல்லி அக்கா எங்க, காணோம்?"

"இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்கா. பொழுது சாஞ்சுதான் வருவா. அதுக்குள்ள முடிக்கணும்."

"ஓகோ... அதுக்குள்ளயா!"

வயரை மாற்றினாள். வேறு ஓட்டையில் சொருகினாள். ஊஹூம்... படத்தை இழுத்துப் போட்டால் டிஸ்க் துப்பியது.

பிடுங்கிக்கொண்டு கதிரவன் கம்ப்யூட்டருக்குப் போனாள். சொருகினாள். ஏதோ ஒரு முருகன் படத்தை இழுத்துப் போட்டாள்.

ஜம்மென்று ஏறி உட்கார்ந்தார் முருகன்!

"டிஸ்க் நிரபராதி. எசமான், விடுதலை பண்ணிருங்க" என்றபடி கண்ணாடி ரூமுக்குத் திரும்பி, கீபோர்டில் என்னவோ தட்டினாள். "வியாதி இந்தக் கம்ப்யூட்டருக்குத்தான். எந்த டிஸ்க்கைச் சொருகுனாலும் படிக்கலாம், எழுதக் கூடாதுன்னு இதுக்கு உள்ளுக்குள்ள ஒரு உத்தரவு போட்டிருக்கு. இங்கன ஒண்ணுன்னு இருக்குல்ல? அதை சைபராக்கி, டிஸ்க்கைக் கழட்டி மாட்டுனா... முடிஞ்சது."

"பாத்தியாலே! பூட்டிருக்கு! நேத்து மயிலை இதுல ஏத்துனது இவன்தான் தாயி!"

கதிரவனுக்கு வியர்த்தது. ஏற்றியது அவன்தான். பக்கத்தில் யாரும் இல்லை. யார் நம்புவார்கள்..?

தனுஷ்கோடியின் போன் மறுபடி கதறியது. மறுபடி அமுக்கினார்.

"சைபராக்கு தாயி, சீக்கிரம்!"

"ஆக்கலாம். எதை ஏத்தப் போறீக?"

"மயிலை."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... பிளேட் போட!"

கதிரவன் நிமிர்ந்தான். கண்ணாடிக்கு அப்பால் மெஷின் விடாமல் துப்பிக்கொண்டிருந்தது... மயில், மயில், மயில்!

"அண்ணாச்சி... பிளேட்தான் நேத்தே போட்டாச்சே. அங்கன பாருங்க, ஓடிக்கிட்டுல்ல இருக்கு?"

வேல்விழி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

தனுஷ்கோடி மெஷினைப் பார்த்தார். மயிலைப் பார்த்தார். மயில் அவரைப் பார்த்தது.

"அது... ஒரு காப்பி... பத்திரமா இருக்கட்டுமேன்னு..."

மூன்றாவது முறையாக போன் கதறியது. அவர் கை நீள்வதற்குள், வளையல் குலுங்க இன்னொரு கை குறுக்கே வந்து எடுத்தது.

கற்பகவல்லி!

நெற்றியில் இருக்கன்குடிக் குங்குமம் இன்னும் ஈரம் காயவில்லை. ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"அண்ணாச்சி! முத்துப்பாண்டி பேசுறேன். மயிலு கெளம்பிருச்சா, இல்லையா? அச்சங்குளத்துல ஆளை நிறுத்திட்டு எம்புட்டு நேரம் காத்துக் கிடக்க? அந்தப் பாப்பா மூஞ்சிய எடுத்துட்டு என் மகன் மூஞ்சிய ஒட்டிருங்க. போன வருசம் என் பெட்டிக்கு அந்த அன்னத்துக்குக் கிரீடம் வச்சுக் குடுத்தீகளே, அது மாதிரி..!"

"அண்ணாச்சி இல்ல தம்பி. அவுக வீட்டம்மா."

டொக்!

"வல்லி... இருக்கன்குடி ஆத்தா மேல சத்தியமா..."

"ஆத்தாவை இழுக்காதீக. இப்பத்தேன் பாத்துட்டு வாறேன்." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போர்டில் மட்டுமல்ல, பத்திரத்திலும் அவள் பெயர்தான். "பூட்டச் சொன்னது நாந்தேன். மயிலைத் திருட நெனைக்கிறவன் இந்த ரூமுலதான் டிஸ்க்கைச் சொருகணும். சொருகுனா ஏறாது. ஏறாட்டி எவன் மொதல்ல அலறுறானோ, அவன்தான் அன்னத்தை வித்தவன். கோயிலுக்குப் போறேன்னு ஊரு கேக்கச் சொல்லிட்டுப் போனேன். அலறல் சேதி போன்ல வந்ததும் ஓடியாந்துட்டேன்." தலையிலடித்துக் கொண்டாள். "எவனாவது வெளியாளு மாட்டுவான்னு பாத்தா... எம் புருசனே அலறியிருக்கீகளே!"

கதிரவனின் பை இனி ஆணியிலேயே தொங்கலாம்.

"கதிரவா, கெளம்பி வா. ராஜபாண்டியன் அண்ணாச்சி வீட்டுக்குப் போறோம். அன்னத்துக் கதைய இவுக வாயாலயே சொல்லுவாக. நீ பக்கத்துல நின்னு கேக்கணும்."

"நான் எதுக்குக்கா...?"

"திருடன்னு சொன்ன வாயி, இல்லன்னும் சொல்லணும்ல?"

தனுஷ்கோடி கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். மாட்டிக்கொண்ட வியாபாரிக்கு வெட்கம் வருவதற்கு முன்னால் நியாயம் வரும்.

"என்னத்தச் செஞ்சுபுட்டேன்..? ஒரு படத்தை ஒருத்தனுக்கே வித்தா, அது வியாபாரமா?"

"அண்ணாச்சி, என் காசு?" வேல்விழி பையை மூடினாள்.

"உனக்கெதுக்கு? இன்னும் பூட்டே தெறக்கல! ஆமா... இதைப் பூட்டுன பாவி யாரு?"

"நாந்தான். போன வாரம். அக்கா சொன்னாக."

தனுஷ்கோடியின் கண்கள் பூச்சட்டியாய்ச் சீறின.

"அடிப்பாவி! பூட்டுனதுக்கு அவகிட்ட வாங்கிட்டேல்ல? பெறகு நான் எதுக்குத் தரணும்?"

"அவுக குடுத்தது பூட்டுனதுக்கு. நீங்க குடுக்கப்போறது பூட்டைக் கண்டுபிடிச்சதுக்கு." வேல்விழி கையை நீட்டினாள். "ஒரு வேலைய ஒருத்தருக்கே வித்தா, அது வியாபாரமா அண்ணாச்சி?"