நாலு நிமிஷம் ஆடாமல்

உப்புக் குவியலுக்குப் பின்னால் போன கௌதமன் மறுபக்கம் வெளியே வரக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டான். ஐந்தாறு எட்டு வைத்தால் கடந்துவிடுகிற இடம். இலக்கியா ட்ரைபாடை ஊன்றி, கேமராவைப் பொருத்தி, கறுப்பு ஃபில்டரை ஊதித் துடைத்து நிமிர்ந்த பிறகுதான் அவன் வரப்பின் மேல் தெரிந்தான்.

மரக்காணத்தில் அப்போதுதான் விடிந்திருந்தது. ஊரில் ஆடிக்கூழ் ஊற்றும் நாள் என்பதால் உப்பளத்தில் ஒருவரும் வேலைக்கு வரவில்லை. பாத்திகளில் கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர், அதில் வெளுத்துக் கிடக்கும் வானம், ஈரச் சேற்றின் கவிச்சி, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் கடல் புரளும் ஓசை, எல்லாவற்றுக்கும் மேலாக முகத்தில் அறையும் காற்று.

படத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்று அவள்தான் புருஷனை அனுப்பினாள்.

"நாலு நிமிஷம் ஷட்டர் திறந்தே இருக்கும். அசையுறது எல்லாம் புகை மாதிரி ஆயிடும். ஆடாம நில்லுங்க."

"நான் இன்னா சோளக்கொல்லை பொம்மையாடி? மூக்குல ஈ உக்காந்தா?"

"பொறுத்துக்குங்க."

சிரித்துக்கொண்டேதான் போனான்.

"ரெடியா?" என்று இப்போது கத்தினாள்.

"ரெடிங்க."

கல்யாணமான இரண்டு வருஷத்தில் அவளிடம் அவன் 'ங்க' போட்டதே இல்லை. கிண்டலாக இருக்கும். ஆனால் கிண்டல் பண்ணினால் கூடவே சிரிப்பானே. யோசித்துக்கொண்டே பட்டனை அழுத்தினாள்.

காற்றில் ட்ரைபாட் ஆடிவிடக் கூடாதென்று குனிந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டு, ஓடும் எண்களையே பார்த்தாள். குவியல் பக்கமிருந்து சளப், சளப் என்று தண்ணீர் அடிபடும் சத்தம். ஏதோ கொக்கு என்று நினைத்தாள். மூன்றாம் நிமிஷம் அது நின்றுபோனது.

படம் திரையில் வந்தது.

வரப்பின் மேல் அவன். பட்டன் பட்டனாக, மடிப்பு மடிப்பாக, துல்லியமாக. எவ்வளவு ஆடாமல் நின்றாலும் காற்றில் சட்டை படபடக்கும். மூச்சு விட்டாலே தோள் கலங்கும்.

இவன் மூச்சு விடவில்லை.

குவியலின் ஓரம், தண்ணீர் மட்டத்தில், புகைபோல் ஏதோ. பெரிதாக்கினாள். ஒரு கை. ஒரே இடத்தில் அடித்து அடித்துக் கலைந்த கை. நீலச் சட்டை. அவன் போட்டிருந்த அதே நீலம்.

நிமிர்ந்தாள்.

கை இன்னும் அங்கேயே இருந்தது. இப்போது அசையவில்லை.

"ஏங்க!"

குவியலுக்குப் போக அந்த ஒரே வரப்புதான். அந்த வரப்பில் அது வந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல்.

"சரியா நின்னேனாங்க?"

கேட்டு முடித்த பிறகும் வாய் மூடவில்லை. உள்ளே நாக்கு இல்லை. பல் இல்லை. தொண்டை வரை, வெள்ளை வெளேரென்று, உப்பு.