அம்மா வாயில் கழுதை

வாலுவின் அம்மா ஒரு தையல் கடை வைத்திருந்தாள். வாயைத் திறந்தால் கழுதைதான். கூடத் தைக்கும் சித்தி கழுதை. மகள் வாலு கழுதை. நூல் அறுந்தால் மிஷினும் கழுதை. யாரும் கோபித்துக்கொண்டதே இல்லை, மிஷின் உட்பட.

காஜா எடுக்கப் புதிதாக ஓர் அக்கா வந்தாள். அவள் தைக்கும் பட்டன் துளையில் ஒரு பிசிறு இருக்காது. சனிக்கிழமை அவள் முடித்த சட்டையைப் பார்த்து அம்மா பூரித்துப்போனாள்.

"அடி கழுதை, இத்தனை நாளா எங்கே இருந்தே?"

அக்கா முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரத்தில் தன் கத்தரிக்கோலை எடுத்துப் பைக்குள் வைத்தாள். வாலுவுக்குப் பகீரென்றது. திங்கட்கிழமைக்குள் நாற்பது பள்ளிச் சட்டை முடிக்க வேண்டும். அதைவிட, வாலுவுக்கு அக்காவை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

"ஏன்க்கா கிளம்புறீங்க?"

"போன இடத்துல மேனேஜர் என்னைக் கழுதைன்னார். மறுநாளே வேலைக்கு வராதேன்னுட்டார். இங்கேயும் அப்படி ஆகறதுக்குள்ள நானே போயிடறேன்."

வாலு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னாள். அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பிடிச்சவங்களைத்தானேடி அப்படிக் கூப்பிடுவேன். எங்கம்மா என்னைக் கூப்பிட்ட பேரு அது."

"அது அக்காவுக்கு எப்படித் தெரியும்?"

வாலு சாக்பீஸை எடுத்துக்கொண்டு துணி வெட்டும் மேசைக்குப் போனாள்.

"எந்த வார்த்தை வலிக்கும்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க. அதை இங்கே யாரும் சொல்லக் கூடாது."

"கழுதை" என்றாள் அக்கா, மெதுவாக. சித்தி "தண்டம்" என்றாள். வாலு தனக்காக "அறிவாளி" என்று எழுதினாள்.

"அது நல்ல வார்த்தைதானே?" என்றாள் சித்தி.

"எங்க வகுப்புல வந்து கேட்டுப் பாருங்க. தப்பா பதில் சொன்னாத்தான் அந்தப் பட்டம்."

"அப்ப எனக்கு மகாராணி" என்றாள் அம்மா. "நான் அக்கடான்னு உட்கார்ந்தாலே எங்க அத்தை அப்படித்தான் குத்துவாங்க."

அக்கா சிரித்துவிட்டாள். கத்தரிக்கோல் பையிலிருந்து வெளியே வந்தது.

அதற்கப்புறம் அம்மா பட்ட பாடு கொஞ்சமில்லை. "கழு..." என்று ஆரம்பித்து, "கழுத்து அளவு சரியா பாரு" என்று முடிப்பாள்.

திங்கட்கிழமை. சட்டைகளைக் கட்டும் அவசரத்தில் அம்மா இஞ்ச் டேப்பைக் காணாமல் கடையையே புரட்டினாள்.

"உங்க தோள்லதான் தொங்குது, கழுதை" என்றாள் அக்கா. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மிஷின்கள் நின்றன. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது.

"எங்கம்மாவுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் ஒருத்தி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கா."

அக்கா எழுந்து போய், மேசையிலிருந்த தன் வார்த்தையைத் தானே அழித்தாள்.